ஊமைக்குழல்

அய்யாவுக்குக் காது போய்விட்டது என்கிற விஷயம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியும், அவன் பெண்டாட்டி பவுனம்மாளுக்குத் தெரியும், கூட வேலை செய்த மைதீனுக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் அய்யாவு கொஞ்சம் தலைக்கனம் பிடித்த ஆள், கூப்பிட்டால் திரும்பமாட்டான் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டான். செவிடன் என்று பேர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்குவது அப்போது எவ்வளவோ மேல். திமிர் பிடித்தவனைக் கப்பல் ஏற்றமாட்டார்கள்.

கப்பல் என்பது சும்மா பயமுறுத்தச் சொல்லும் பேச்சு இல்லை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. கித்தா என்கிற ரப்பர் விலை படுத்துவிட்டது, ஈயமும் கூடவே படுத்துவிட்டது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள், ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள், குறைத்த ஆட்களைப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கூட்டிப்போய் நாகப்பட்டினத்துக்கு ஏற்றிவிட்டார்கள். கை கால் திடமாக இருக்கிறவனே தப்பிக்க முடியாத நேரத்தில் காது கேளாதவனை வைத்துக்கொண்டு யார் சோறு போடுவார்கள்? அய்யாவுக்கு அக்கரையில் ஒரு குழி நிலம் இல்லை, வா என்று கூப்பிட ஒரு நாதி இல்லை. ஒரே மகள் சீதாலெட்சுமியைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்தான். ரொம்ப வருஷம் வயிறு திறக்காமல் இருந்து, இரண்டு தடவை கலைந்து, இப்போதுதான் நிலைத்து மாசமாக இருந்தாள்.

"எம்மவ புள்ளயக் கையில வாங்காம நான் எந்தக் கப்பலும் ஏற மாட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்களோ ஏது பண்ணுவீங்களோ, அந்த வேலய மட்டும் விட்றாதீங்க" என்று பவுனம்மாள் அவன் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து சொல்லியிருந்தாள். அவன் என்னத்தைப் பண்ணுவான்? சரி என்றான்.

அவன் வேலையே காதைத் தின்கிற வேலை. கோலாலம்பூரில் ஆற்றை ஒட்டி ஒரு வெள்ளைக்காரத் துரை துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். தோட்டத்துத் துரைமார்களும் ஈயச்சுரங்க முதலாளிமார்களும் அங்கேதான் துப்பாக்கி வாங்குவார்கள், பழுது பார்க்கக் கொடுப்பார்கள். துப்பாக்கிக்கு ஒரு சட்டம் உண்டு. சீமையில் செய்யும்போதே குழலுக்குள் வழக்கத்தைவிடக் கனமான மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். பிறகு யாராவது அந்தக் குழலை அறுத்தாலோ, குடைந்தாலோ, முனையில் திருகு மரை வெட்டினாலோ அந்த முத்திரை செத்துப்போகும். மறுபடி கனமருந்து போட்டு வெடித்து, முன்னும் பின்னும் அளந்து, வீக்கமோ வெடிப்போ இல்லை என்று பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். சீமைக்கு அனுப்பிச் சோதித்து வாங்கினால் மாதக்கணக்காகும், வாடிக்கைக்காரன் காத்திருப்பானா? அதனால் துரை சட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, சோதனையை மட்டும் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பினார்.

அங்கே செங்கல் சூளைக்காரர்கள் மண் வெட்டிப் போட்டுவிட்டுப் போன பள்ளம் ஒன்று ரயில் பாதையை ஒட்டிக் கிடந்தது. பள்ளத்தின் ஒரு கோடியில் மரச்சட்டம், அதில் துப்பாக்கியைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டுவது மைதீன் வேலை. விசையில் ஒரு கயிறு கட்டி, தரையில் அடித்த இரும்பு வளையம் ஒன்றுக்குள் நுழைத்து, தூரத்தில் மணல்மூட்டை அடுக்கிய சுவருக்குப் பின்னால் கொண்டுவந்துவிடுவார்கள். சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து அந்தக் கயிற்றைச் சுண்டுவது அய்யாவு வேலை. சுண்டும் நேரத்தில் மைதீன் பாதைத் திருப்பத்தில் நின்று ஆடுமாடு, ஆட்கள் வராமல் பார்த்துக்கொள்வான். வெடித்தபின் அய்யாவு "ஆச்சு" என்று குரல் கொடுப்பான். அந்த "ஆச்சு" வராமல் மைதீன் ஓர் அடி எடுத்து வைக்கக்கூடாது. வெடிக்காவிட்டால் அய்யாவு வாய் திறக்கக்கூடாது; காத்திருந்து மறுபடி சுண்டவேண்டும். அதுதான் அவர்களுக்குள் கட்டுப்பாடு.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வெடிச்சத்தத்தில் மாடு பால் சுரக்கவில்லை, பிள்ளைக்குப் பயத்தில் சீர் தட்டிவிட்டது என்று பக்கத்திலிருந்த பால்காரர்கள் திரண்டுபோய்ப் புகார் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து துரை ஓர் ஏற்பாடு செய்தார். துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு வண்டி கடகடவென்று அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிற நேரம் பார்த்துத்தான் கயிற்றைச் சுண்டவேண்டும். வண்டிச் சத்தத்தில் வெடிச்சத்தம் அமுங்கிப்போகும். அதாவது, வெடித்ததா இல்லையா என்பது திருப்பத்தில் நிற்கிற மைதீனுக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால் இருக்கிற அய்யாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அய்யாவுக்குத்தான் காது போய்விட்டது. முதலில் இடது காது, அப்புறம் வலது. பூண்டெண்ணெய் விட்டான், ஊமத்தை இலையைச் சுட்டுப் பிழிந்தான், கடைசியில் மாரியம்மனுக்கு வெள்ளியில் காது செய்து உண்டியலில் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் வேலை ஓடியது. எப்படி ஓடியது என்றால், தோள்பட்டையால் ஓடியது. கயிற்றைச் சுண்டும்போது அவன் வலது தோளை மணல்மூட்டையில் அழுத்திவைத்துக்கொள்வான். துப்பாக்கி வெடித்தால் காற்று வந்து மூட்டையை ஒரு தள்ளு தள்ளும். ரயில் வண்டியின் நடுக்கம் காலுக்கு வரும், துப்பாக்கியின் தள்ளு தோளுக்கு வரும். அந்த வித்தியாசம் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

மற்ற நேரத்துக்கு மைதீன் இருந்தான். அக்கரையில் மண்டபத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், அய்யாவைவிடப் பத்து வயசாவது சின்னவன். கடையில் துரை பின்னாலிருந்து ஏதாவது கேட்டால், மைதீன் வந்து முன்னால் நின்று, "அண்ணே, அந்த ரவைத் துப்பாக்கிய எண்ணெய் போட்டு வைக்கச் சொல்றாரு" என்று பேச்சோடு பேச்சாக உதட்டைக் காட்டிச் சொல்லிவிடுவான். ஊரில் யார் உதடும் அய்யாவுக்குச் சரியாகப் பிடிபடாது, மைதீன் உதடு மட்டும் அச்சுப்பிசகாமல் பிடிபடும். இதற்காக மைதீன் மீசையைக்கூட எடுத்துவிட்டான். அவன் பெண்டாட்டி அமீனா பீவி, "நல்லாவா இருக்கு மூஞ்சி" என்று திட்டியதை அவனே வந்து சொல்லிச் சிரித்தான். இரண்டு குடும்பமும் கடைக்குச் சொந்தமான லயத்தில் அடுத்தடுத்த அறையில் இருந்தன. ஒரு கூடப்பிறந்த தம்பி இந்த அளவுக்குச் செய்வானா என்று அய்யாவு நினைத்துக்கொள்வான். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுங்கை பூலோ பக்கத்துக் கித்தாத் தோட்டத்துத் துரை ஒரு ரைபிளைக் கொண்டுவந்தார். இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டி எறிகிறது; ஒன்றைச் சுட்டால் சத்தத்தில் மற்றதெல்லாம் ஓடிவிடுகிறது. ஆகையால் சத்தத்தை அடக்குகிற சைலன்சர் ஒன்றைக் குழல் முனையில் மாட்டிக்கொடு என்றார். கடைத்துரை சீமையிலிருந்து அதைத் தருவித்தார். பார்ப்பதற்குத் தகர டப்பாவை நீட்டியதுபோல் இருக்கும், உள்ளே தட்டுத்தட்டாகத் தகடு. கடையில் அதற்கு ஊமைக்குழல் என்று பேர் வைத்தார்கள். அதை மாட்ட ரைபிள் முனையில் மரை வெட்டினார்கள். மரை வெட்டியதும் பழைய முத்திரை செத்தது. மறுபடி சோதனை செய்தாகவேண்டும், அதுவும் ஊமைக்குழலை மாட்டியபடியே.

கடைத்துரை இன்னொன்றும் சொன்னார். இது புதுச் சாமான். வெடித்தவுடனே, சூடு ஆறுவதற்குள் போய், மரைப் பொருத்தில் புகை கசிகிறதா, தகடு புடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். வழக்கமாக முதலில் பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இதற்கு மட்டும் முதலில் முன்பக்கம் போகவேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் லயத்துக் குழாயடியில் மைதீன் அய்யாவைத் தனியாக இழுத்து நிறுத்தினான்.

"அண்ணே, அந்தக் குழலு காத்தையே முழுங்கிப்புடுமாம். உங்களுக்குத் தள்ளு வராதுண்ணே. வெடிச்சத எப்புடித் தெரிஞ்சுக்குவீங்க?"

"கொஞ்சமாச்சும் வரும்."

"வரலேன்னா? நான் கயிறு புடிக்கிறேன். நீங்க திருப்பத்துல நில்லுங்க. இந்த ஒரு தடவதான."

"துரை ஏன்னு கேப்பாரு."

"கையில நரம்பு புடிச்சிக்கிச்சுன்னு சொல்லுவோம்."

"நேத்து கை, இன்னிக்கிக் கால்னு சொல்லிக்கிட்டிருந்தா, நாளைக்கி டாக்டர்கிட்ட காட்டுன்னுவாரு. டாக்டரு முதல்ல காதத்தான் பாப்பான். வேணாம் மைதீன். இத்தன வருசமா பண்ற வேல, எனக்குத் தெரியாதா?"

 அய்யாவு பிடிவாதம் பிடித்தால் மலையைப் பிடுங்கி எறிந்தாலும் அசையமாட்டான் என்று மைதீனுக்குத் தெரியும். அய்யாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கலக்கம் இருந்தது. அதை மூடி வைத்துக்கொண்டு போய்ப் படுத்தான்.

சோதனை நாளன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. சனியன் பிடித்த மழை, விடுகிற வழியாக இல்லை. தோட்டத்துத் துரையும் கடைத்துரையும் மோட்டார் காரில் வந்து, பள்ளத்துக்கு மேலே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து பார்த்தார்கள். மைதீன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ரைபிளைக் கட்டினான். பழைய கயிறு மழையில் இற்றுப்போயிருந்தது என்று ஒரு புதுத்துண்டை முடிச்சுப் போட்டுச் சேர்த்தான். அய்யாவும் பக்கத்தில் நின்றுதான் பார்த்தான். வளையத்துக்குள் கயிறு நுழைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த முடிச்சு விழுந்திருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

சரக்கு வண்டி வந்தது. அன்றைக்கென்று இரண்டு எஞ்சின், பாரமோ பாரம். சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த அய்யாவுக்குப் பாதத்திலிருந்து முழங்கால்வரை தரை அதிர்ந்தது. தோளை மூட்டையில் அழுத்திக்கொண்டு கயிற்றைச் சுண்டினான். கயிறு கொஞ்சம் வந்து நின்றது. விசை விழுந்தால் எப்படி நிற்குமோ அப்படித்தான் நின்றது. அந்த நேரத்தில் வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கின. மூட்டை ஆடியது.

துப்பாக்கி ஆட்டியதா, வண்டி ஆட்டியதா?

அவனுக்குத் தெரியவில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை, அவனுக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. எழுந்து எட்டிப் பார்த்தான். மழையில் புகை எங்கே தெரியப்போகிறது? மறுபடி ஒரு சுண்டு சுண்டியிருக்கலாம். கட்டுப்பாடே அதுதானே. ஆனால் மேலே கார் நின்றது, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வெள்ளை முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. வெடித்துவிட்ட துப்பாக்கியை ஒருவன் மறுபடியும் சுண்டினால், இவனுக்கு வெடித்தது கேட்கவில்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துபோகும். கடைசிப் பெட்டியும் தாண்டிப் போனது. அய்யாவு வாயைத் திறந்து, "ஆச்சு" என்றான்.

மைதீன் தலைச்சாக்கை உதறிவிட்டு ஓடினான். சூடு ஆறுவதற்குள் பார்க்கவேண்டுமே. நேராக முன்பக்கம் போய், குனிந்து, ஊமைக்குழலை இடது கையால் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகத்தை மட்டும் அய்யாவின் பக்கம் திருப்பினான். அவ்வளவு தூரத்திலும், மழையிலும், அந்த உதடு அய்யாவுக்குப் பிடிபட்டது.

"சூடே இல்லையேண்ணே."

அய்யாவு கத்துவதற்குள் மைதீனின் எடை குழல்மேல் சாய்ந்து, நனைந்த தோல்வார் நெகிழ்ந்து, ரைபிள் ஒரு விரற்கடை நகர்ந்தது. வளையத்தில் சிக்கியிருந்த முடிச்சு விசையை இழுத்தது. கனமருந்து ஊமைக்குழலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தம் அய்யாவுக்குக் கேட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் காதில் நன்றாக விழுந்த வெடிச்சத்தம் அது ஒன்றுதான்.

மைதீனுக்கு இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. தகட்டுச் சில்லுகள் கண்ணுக்குள் போயிருந்தன. இரண்டு கண்ணையும் எடுத்தால்தான் உயிர் பிழைப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, எடுத்துவிட்டார்கள்.

அய்யாவு தினமும் போய்க் கட்டிலோரம் நிற்பான். முகம் பூராவும் கட்டுப் போட்டு வாய் மட்டும் வெளியே தெரியும். முதல் சில நாள் மைதீனுக்கு நினைவு தட்டவில்லை. நினைவு வந்த அன்று அமீனா பீவி மருந்துத் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். மைதீன் காலடியோசையிலேயே ஆளைக் கண்டுபிடித்தான்.

"அண்ணனா?"

"ஆமாய்யா."

"பக்கத்துல வாங்க. என் வாயப் பாருங்க. பாக்கிறீங்களா?"

"பாக்கிறேன்."

"நீங்க கொரல் குடுக்கல. நானாத்தான் அவசரப்பட்டுப் போயிட்டேன். துரை கேட்டா நான் அப்படித்தான் சொல்லப்போறேன். நீங்களும் அதயே சொல்லிருங்க."

 "ஏன்யா இப்படி? உனக்கு என்ன தலையெழுத்து?"

"எனக்குக் கண்ணு போயிருச்சு, இனி எந்த வேலயும் இல்ல. அது போனது போனதுதான். உங்களுக்கும் சேத்து எதுக்குப் போகணும்? சீதாவுக்கு இன்னும் ரெண்டு மாசந்தான. எனக்குக் கம்பெனி ஏதாச்சும் பண்ணும்ணே. வேலயில அடிபட்டவன விட்றமாட்டாங்க."

அப்படித்தான் அவன் நம்பினான். பாவம், நல்லவர்களுக்கே உரிய முட்டாள்தனம் அது.

மறுநாள் காலையில் துரை வந்தார். கூடவே கடையில் கணக்கெழுதுகிற கிராணி சபாபதி, மொழிபெயர்த்துச் சொல்வதற்கு. சபாபதிக்கு எப்போதும் தமுக்கடிக்கிற தொண்டை. சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வார்டுக்குக் கேட்கும். அந்தத் தொண்டை மட்டும் கிட்டத்தில் நின்றால் அய்யாவின் மிச்சக் காதுக்கும் எட்டும்; அன்று அவன் அய்யாவின் பக்கத்தில் நின்றே பேசினான். ஒரு வார்த்தை தவறாமல் அய்யாவுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பின்னால் ஒருநாளும் அவன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ள முடியாதபடி கேட்டது.

"குரல் வராம நீயாப் போனியான்னு கேக்கிறாரு."

"ஆமாங்க" என்றான் மைதீன்.

துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சபாபதி அதைத் தமிழில் சொன்னான். "அப்படின்னா இது கம்பெனி குத்தமில்ல. சட்டத்த மீறுனவனுக்குக் கம்பெனி ஒண்ணும் செய்றதுக்கில்ல. லயத்து ரூம மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரணும். ஊருக்குப் போறதுக்குக் கப்பல்ல இடம் சொல்லிக் குடுப்பாராம்."

 அமீனா பீவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் அவர்களுக்கு என்ன இருக்கிறது? கண்ணில்லாத, கையில்லாத ஒருவன் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வான்?

துரை அய்யாவின் பக்கம் திரும்பினார். சபாபதி கேட்டான்: "நீ குரல் குடுத்தியா, குடுக்கலியா? உன் வாயால சொல்லு."

இப்போது சொல்லியிருக்கவேண்டும். நான் குரல் கொடுத்தேன் துரை, எனக்குக் காது கேட்காது, மறைத்து வைத்தேன், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொன்னால் மைதீனுக்கு லயமும் சோறும் நிலைக்கும், அய்யாவும் பவுனம்மாளும் கப்பல் ஏறவேண்டும். ஆக, கப்பல் உறுதி. யார் ஏறுவது என்பதுதான் கேள்வி.

மைதீன் கட்டுப்போட்ட முகத்தை அய்யாவு நின்ற பக்கம் திருப்பினான். உதடு அசையவில்லை. முந்தின நாள் சொன்னதையே சொல்லிவிடு என்றும் அந்த உதடு சொல்லவில்லை, மாற்றிச் சொல் என்றும் சொல்லவில்லை. சும்மா காத்துக்கொண்டிருந்தது. அய்யாவுக்குச் சீதாலெட்சுமியின் வயிறு கண்முன் வந்தது. பவுனம்மாள் வந்தாள். இந்த ஊர், இந்தக் குழாயடி, எல்லாம் வந்தது.

"குடுக்கல துரை" என்றான். "அவனாப் போயிட்டான்."

பவுனம்மாளிடம் அவன் எதையும் மறைக்கவில்லை.  வேலையை விடாதே என்று சொன்னவள் அவள்தான். அவனைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு சட்டியில் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டதாம், கதவு மட்டும் திறக்கவில்லையாம். அய்யாவின் காது விஷயம் உட்பட எல்லாவற்றையும் மைதீன் அமீனா பீவியிடம் சொல்லியிருக்கவேண்டும். சட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு அய்யாவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

துரை கயிறு பிடிக்கிற வேலையை அய்யாவிடமே விட்டுவைத்தார். கட்டுப்பாட்டை மீறாத ஆள் என்று கடையில் எல்லார் முன்னாலும் அவனைச் சொன்னாராம். சபாபதி வந்து அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னான். அய்யாவுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கியையே மறுபடி துடைத்தான்.

கப்பல் நாளன்று அவன் லீவு சொல்லிவிட்டு, ரயிலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாம் போனான். பவுனம்மாள் வரவில்லை. என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்றாள். அய்யாவுக்கும் அதே கேள்விதான், ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. மைதீன் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தான். இப்போதே துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இறங்கி வா என்று சொல்லலாம் என்றும் நினைத்தான். கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது மகளை நினைத்து அந்த நினைப்பை அழித்துக்கொண்டான். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மறுபடி நினைத்தான்.

துறைமுகக் கொட்டகையில் மூட்டையும் முடிச்சுமாகத் தோட்டத்து ஜனங்கள் குவிந்து கிடந்தார்கள். வேலை போன ஆண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், வாயில்லாப் பூச்சிகள்போல வரிசையில் நின்றவர்கள். அந்த வரிசையில் மைதீன் நின்றான். கண் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நல்ல கையால் அமீனா பீவியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மூன்றும் அவன் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அய்யாவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவனுக்கு எதிரே நின்றான். கை நீட்டினால் தொடலாம். அமீனா பீவி அவனைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு தூணைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள்.

மைதீனின் உதடு அசைந்தது. இத்தனை சந்தடியில் மற்றவர்களுக்கு அது கேட்டிருக்குமோ கேட்டிருக்காதோ, அய்யாவுக்கு அச்சுப்பிசகாமல் பிடிபட்டது.

"அமீனா, அண்ணன் வந்திருக்காரா பாரு."

அவள் அய்யாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்த்தபடியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஆட்டியது புருஷனுக்கு இல்லை, அவனுக்குத்தான் கண் தெரியாதே. வாயை நன்றாகத் திறந்து, செவிடனுக்கும் விளங்கும்படி சொன்னாள்:

"வரலைங்க."

 மைதீன் தலையசைத்தான்.

"துரை லீவு குடுத்திருக்க மாட்டாரு. அவருதான் என்ன பண்ணுவாரு பாவம்."

அய்யாவு வாயைத் திறந்தான். இதோ இருக்கிறேன் மைதீன் என்று சொன்னால் போதும், கண்ணில்லாதவனுக்குக் குரல் போதும்.  முன்னால் இருந்தவர்கள் நகர, வரிசையும் நகர்ந்தது. அமீனா பீவி ஓர் அடி எடுத்து வைத்தாள், அவள் தோளைப் பிடித்தபடி மைதீனும் எடுத்து வைத்தான். அவன் சட்டை அய்யாவின் கைமேல் உரசிக்கொண்டு போனது. யாரோ வழியில் நிற்கிறார்கள் என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே" என்றான் மைதீன்.

அய்யாவு தள்ளிக்கொண்டான்.